பதினாறுக்குப் பத்து

உங்க ஃபேன் ஆடுது சார். வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சேன், மூணு இறக்கையில ஒண்ணு மத்த ரெண்டை விடக் கனம் கம்மி. பெரிய வேலை இல்ல. ஒரு சின்னக் காசை அந்த இறக்கை மேல டேப் போட்டு ஒட்டினா அடங்கிடும். எது அந்த இறக்கைன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலையே. போகும்போது நானே பண்ணிக் கொடுத்துட்டுப் போறேன், ஒரு ஸ்டூலுக்கு மட்டும் சொல்லி வையுங்க.

நான் வந்தது உங்க விசாரணை ரிப்போர்ட் விஷயமா. மாடல் விமானச் சங்கத்தோட செயலாளர்ங்கறதால எனக்கு ஒரு காப்பி அனுப்பியிருந்தீங்க. ஒன்பது பக்கம். ஒரே மூச்சுல படிச்சேன். குறை சொல்லக் கூடாது, இந்த விளையாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் ரெண்டு வாரத்துல இவ்வளவு எழுதினது பெரிய விஷயம். ப்ரொப்பெல்லரை 'உந்துவிசிறி'ன்னு போட்டிருக்கீங்க. நாங்க ப்ராப்னு சொல்லுவோம். எப்படிச் சொன்னா என்ன, சுத்தினா சரி.

ஆனா ஆறாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. டீச்சரம்மா சாவுக்கு ரெண்டு காரணம் எழுதியிருக்கீங்க. ஒண்ணு, விமானத்தை ஓட்டினவரோட கவனக்குறைவு. அது இருக்கட்டும். இன்னொண்ணு, 'உந்துவிசிறி முறையாகச் சமநிலை செய்யப்படாததால் ஏற்பட்ட அதிர்வு.' அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல சார். அந்த ப்ராப்பைச் சமப்படுத்தினது நான். என் கையால சமப்படுத்தின ஒரு ப்ராப் கூட இன்னி வரைக்கும் ஆடினதில்ல. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். உங்க ஆள் டைப் பண்ணிக்கட்டும், நான் நிதானமாத்தான் பேசுவேன்.

இது என்னன்னு பாக்கறீங்களா. நான் செஞ்ச ஸ்டாண்ட். ரெண்டு பக்கமும் காந்தம், நடுவுல ஒரு கம்பி, கம்பியோட ஒரு முனை மட்டும்தான் காந்தத்தைத் தொடும். அதனால உராய்வே கிடையாது. இந்தக் கம்பியில ப்ராப்பைக் கோத்து விட்டா, கனமான இறக்கை தன்னால கீழ போயிடும். எதிர் இறக்கைக்கு ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்கணும், இல்லன்னா கனமானதை உப்புத்தாளால ரெண்டு தேய் தேய்க்கணும். எப்படி விட்டாலும் விட்ட இடத்துலயே நிக்கணும், அதுதான் கணக்கு. இதோ, இந்த ப்ராப்பை மாட்டறேன். படுக்க வைக்கறேன், நிக்குதா. சாய்ச்சு வைக்கறேன், நிக்குதா. ஒரு கொசு வந்து உக்காந்தாத்தான் நகரும். உங்க ஃபேனைக் கொஞ்சம் அணைச்சா இன்னும் நல்லாத் தெரியும்.

இது எந்த ப்ராப்புன்னு கேக்கறீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நான் தொழிலுக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். பவர் பாக்கறது, லென்ஸ் தேய்க்கறது, ஃப்ரேம்ல மாட்டறது. முப்பது வருஷமா ஜனங்களுக்கு எது தெரியுது, எது தெரியலன்னு பாத்துட்டிருக்கறவன். ஞாயித்துக்கிழமையானா மைதானம். வீட்ல நான் ஒருத்தன்தான், கேக்க ஆள் கிடையாது. எனக்கு ஓட்ட வராது. கட்டை விரல் ரெண்டும் உலக்கை மாதிரி, ரிமோட்ல இருக்கற குச்சியைத் தொட்டா விமானம் தலைகுப்புற விழும். ஆனா எந்த விமானத்துக்கு எந்த ப்ராப்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஓட்டறது என் தங்கச்சி வீட்டுக்காரர். பஸ் டிரைவர். மனுஷனுக்கு அப்படி ஒரு கை. நாற்பது பேரை ஏத்திக்கிட்டு சந்துல திரும்பற கை, மேல போற அந்தக் குட்டி விமானத்தைப் புரட்டும் பாருங்க, தலைகீழா, பக்கவாட்டுல, வாலைக் கீழ வச்சு அந்தரத்துல நிறுத்தி, வேடிக்கை பாக்கறவன் வாயில ஈ போறது கூடத் தெரியாது. நான் அவரை மாப்ளம்பேன், அவர் என்னை மச்சான்னு கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு மைதானத்துல எல்லாரும் 'ப்ராப் மச்சான்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. என்னை விட வயசுல பெரியவங்க கூட. 'ப்ராப் மச்சான், இதுக்கு என்ன போடலாம்'னு நாலு பேர் வரிசையில நிப்பாங்க. ஒரு மனுஷனுக்கு வேற என்ன சார் வேணும்.

ப்ராப்புக்கு ரெண்டு நம்பர் உண்டு. முதல் நம்பர் நீளம், ஒரு நுனியில இருந்து மறு நுனி வரைக்கும் எத்தனை அங்குலம்னு. ரெண்டாவது, ஒரு சுத்துக்கு எவ்வளவு முன்னால போகும்னு. மரத்துல ஸ்க்ரூ முடுக்கற மாதிரிதான். நெருக்கமான மரை இருந்தா ஒரு சுத்துக்குக் கொஞ்சமா இறங்கும், அகலமான மரை இருந்தா நிறைய இறங்கும். மாப்ளயோட விமானத்துக்கு நான் ஆறு வருஷமா போட்டது பதினாறுக்குப் பத்து. அகல மரை. வேகம். ஏறும்போது அம்பு, இறங்கும்போதும் அம்பு. மாப்ள கை அதுக்கு அப்படியே பழகியிருந்தது. ஞாயித்துக்கிழமை ஓட்டி முடிச்சதும் நேரா என் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் இந்த ஸ்டாண்டை நடுவுல வச்சுக்கிட்டு அடுத்த வாரத்துக்கு ப்ராப் தேய்ப்போம். நுனிக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கறது அவர் வேலை. சாயங்காலம் தங்கச்சி ஃபோன் பண்ணி, 'அண்ணா, என் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அனுப்பி வைக்கறியா, எனக்கும் வேணும்'னு கிண்டல் பண்ணுவா.

டீச்சரம்மா போன வருஷம் வந்தாங்க. ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கறவங்க. நல்ல மாதிரி, ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டாங்க. எல்லாரும் ப்ராப் மச்சான்னா அவங்க மட்டும் என்னை சார்னு கூப்பிடுவாங்க. கையில ஒரு நீல நோட்டு. எவன் விமானம் ஓட்டினாலும் ஏறறதுக்கு எத்தனை செகண்டு, இறங்கறதுக்கு எத்தனை செகண்டுன்னு குறிச்சுக்குவாங்க. நான் கூட நாற்காலி எடுத்துப் போட்டிருக்கேன் அவங்களுக்கு.

ஒரு நாள் மைதானத்து ஷெட்ல இருக்கற போர்டுல படம் போட்டாங்க. போட்டியில நடுவருங்களுக்கு என்ன வேணும்னா, ஏறும்போது என்ன வேகமோ இறங்கும்போதும் அதே வேகம் இருக்கணும். பதினாறுக்குப் பத்துல அது நடக்காது, அகல மரைங்கறதால இறங்கும்போது தடையே இல்லாம விழும், அதுக்குப் பதிலா பதினேழுக்கு எட்டு போட்டா நீள இறக்கையும் நெருக்க மரையும் சேர்ந்து கீழ வரும்போது பிரேக் மாதிரி பிடிக்கும்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. 'தப்பா நினைக்காதீங்க சார், ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா'ன்னு என்னைத்தான் கேட்டாங்க. நானே என் கையால கட்டினேன்.

மாப்ள மேல கொண்டு போனார். நேர் செங்குத்தா கீழ இறக்கினார். பூ மாதிரி இறங்கிச்சு. எனக்கே தெரிஞ்சது, நான் ஒண்ணும் கண்ணு தெரியாதவன் இல்ல. இறக்கி நிறுத்திட்டு, அத்தனை பேர் முன்னாடி என் தோள் மேல கை போட்டுச் சொன்னார்: 'மச்சான், ஆறு வருஷமா பிரேக் இல்லாத பஸ்ஸை ஓட்டிட்டு இருந்திருக்கேன் மச்சான்.'

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்குதான்.

அதுக்கப்புறம் நாலு மாசம். ப்ராப் கேட்டு வர்றவங்க முதல்ல டீச்சரம்மா நோட்டைப் பாத்தாங்க, அப்புறம் என்கிட்ட வந்து நம்பரைச் சொல்லி 'இது ஒண்ணு சமப்படுத்திக் கொடுங்க'ன்னாங்க. சைக்கிளுக்குக் காத்தடிக்கற மாதிரி. மாவட்டப் போட்டியில மாப்ள முதல் தடவையா பரிசு வாங்கினார், மூணாவது இடம். மேடையில டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் கோப்பையில ஒரு கை பிடிக்கச் சொன்னார். ஃபோட்டோ எடுத்தது நான். நல்லா விழுந்திருந்தது, ரெண்டு பேர் கண்ணும் திறந்திருந்தது.

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றது நின்னு போச்சு. ஷெட்லயே உக்காந்து டீச்சரம்மா, அவங்க வீட்டுக்காரர், மாப்ள மூணு பேரும் நோட்டைப் பாத்துட்டு இருப்பாங்க. நான் ரெண்டு வாரம் அவருக்கும் சேர்த்துச் சமைச்சு வச்சுக் காத்திருந்து, அப்புறம் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்கப் பழகிட்டேன். நீங்க நினைக்கற மாதிரி மாப்ளக்கும் டீச்சரம்மாவுக்கும் நடுவுல தப்பா எதுவும் இல்ல சார். அப்படி இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும், தங்கச்சிக்காகக் கோபப்பட்டிருக்கலாம். தங்கச்சி என்னடான்னா, 'அண்ணா, அவர் இப்பல்லாம் எவ்வளவு சந்தோஷமா இருக்கார் தெரியுமா'ங்கறா.

எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தது. எங்க மைதானத்துல ஒரு வழக்கம் உண்டு. ப்ராப் நட்டை முடுக்கறவன் வேற, ஓட்டறவன் வேற. முடுக்கினவன் கையை எடுத்துட்டு 'கட்டியாச்சு'ம்பான். ஓட்டறவன் 'சுத்தட்டும்'பான். அதுக்கப்புறம் ஓட்டறவன் ப்ராப்பைத் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா முடுக்கினவனை நம்பலன்னு அர்த்தம், அது பெரிய அவமானம். இதனால ஒருத்தருக்கொருத்தர் பேச்சு நின்னு போனவங்க கூட உண்டு. டீச்சரம்மா இதுக்குப் பதிலா ஒரு தாள்ல எழுதி டிக் போட்டுக்கலாம்னாங்க. ப்ராப் நம்பர், நட்டு, எண்ணெய்னு ஒவ்வொண்ணா. அதுக்கு மட்டும் மாப்ள ஒத்துக்கல. 'டீச்சரம்மா, நோட்டு உங்களுது, நட்டு மச்சானுது. அதுல கை வைக்காதீங்க'ன்னு சொன்னார். ரொம்பப் பாசமாச் சொன்னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஆமா, அது நல்ல தாள்தான். அன்னிக்கு அது இருந்திருந்தா விஷயம் வேற மாதிரி போயிருக்கும்.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். மாநிலப் போட்டிக்கு மூணு வாரம் இருந்தது. மாப்ள செங்குத்தா இறங்கி, தரைக்கு மேல ஒரு மாடி உயரத்துல நிமிர்ந்து, இடது பக்கமா படுத்த வாக்குல பறந்து போகணும். அந்த நிமிர்ற இடத்தைப் பக்கத்துல இருந்து அளக்கணும்னு டீச்சரம்மா ஆசைப்பட்டாங்க. கோடு போட்ட ஒரு கம்பு, கேமரா, நோட்டு எல்லாத்தோடயும் மைதானத்தோட அந்தக் கோடியில நிக்கணும்னாங்க. சங்க விதிப்படி பறக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. விதியைத் தளர்த்த செயலாளர் அனுமதி வேணும். எழுதிக் கொடுத்தேன். ரிஜிஸ்டர்ல இருக்கு, தேதி போட்டு, என் கையெழுத்தோட. உங்க ரிப்போர்ட்ல மூணாம் பக்கத்துல அதைப் பாராட்டிக் கூட எழுதியிருக்கீங்க, ஆவணங்கள் ஒழுங்கா இருக்குன்னு. நன்றி.

அன்னிக்குக் காலையில டீச்சரம்மா வந்ததுமே என்கிட்ட ஒரு டப்பா நீட்டினாங்க. ஏதோ பிஸ்கட், வீட்ல செஞ்சது. 'சார், உங்க பேலன்சிங் இல்லன்னா என் கணக்கெல்லாம் வெறும் பேப்பர்தான்'னாங்க. வாங்கிச் சாப்பிட்டேன். நல்லா இருந்தது, கொஞ்சம் இனிப்பு தூக்கல்.

என் பையில ரெண்டு ப்ராப் இருந்தது. ஒண்ணு பதினேழுக்கு எட்டு, அவங்க சொன்னது. இன்னொண்ணு பதினாறுக்குப் பத்து, நம்ம பழசு. ரெண்டும் ஒரே மரம், ஒரே வார்னிஷ், ரெண்டுக்கும் நுனியில மஞ்சள். நீளத்துல ஒரு அங்குலம் வித்தியாசம், அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம். அரை அங்குலம் யாருக்கும் தெரியாது சார், என் தொழில்ல நான் பாத்தது. சுத்தும்போது இன்னும் தெரியாது. ஒண்ணுல நீளம் குறைச்சல், ஆனா மரை அகலம். இன்னொண்ணுல மரை குறைச்சல், ஆனா நீளம். ரெண்டும் இன்ஜினுக்கு ஒரே பாரம். அதனால சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். காது கேட்டுக் கண்டுபிடிக்கணும்னா என் காது வேணும். வித்தியாசம் கீழ இறங்கும்போதுதான் தெரியும்.

நான் பதினாறுக்குப் பத்தைக் கட்டினேன். 'கட்டியாச்சு மாப்ள'ன்னேன். 'சுத்தட்டும் மச்சான்'னார். திரும்பிப் பாக்கல. அவர் பாக்க மாட்டார்.

இதுல என்ன குத்தம்னு நீங்களே சொல்லுங்க. உடைஞ்ச ப்ராப்பா, விரிசல் விட்டதா, ஒண்ணும் கிடையாது. ஆறு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டின ப்ராப். நான் எதை நல்லதுன்னு நம்பினேனோ அதைத்தான் கட்டினேன். டாக்டர் கூட மருந்தை மாத்திக் கொடுக்கறதில்லையா.

மாப்ள கைதான் மாறிடுச்சு. நாலு மாசமா பிரேக்கோட இறங்கி இறங்கி, கடைசி நேரம் வரைக்கும் விட்டு நிமிர்த்தப் பழகிடுச்சு. பழைய ப்ராப்புல அவ்வளவு தாழ்வா விடவே மாட்டார், கொஞ்சம் முன்னாடியே இழுத்துடுவார். அதை நான் யோசிச்சேனான்னு கேட்டா, யோசிச்சேன். மொத ரெண்டு மூணு சுத்து சும்மா ஓட்டினா வேகம் அவருக்குப் பிடிபட்டுடும். அதனால, 'மாப்ள, டீச்சரம்மா வெயில்ல நிக்கறாங்க, மேல ஏறினதும் நேரா இறங்கறதையே பண்ணிக் காட்டிடுங்க'ன்னு சொன்னேன். வெயிலும்தான் இருந்தது.

வெயில்னதும் ஞாபகம் வருது. அவங்க நிக்கறதுக்குச் சுண்ணாம்பு வட்டம் போட்டது நான். முந்தின நாள் அவங்களே அளந்து நோட்டுல எழுதியிருந்தாங்க, விமானம் போற கோட்டுல இருந்து அறுபது தப்படி தள்ளி. அங்க நின்னா காலை வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். கண்ணாடிக் கடைக்காரனுக்கு அந்த அக்கறை இருக்காதா. வட்டத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்த்திப் போட்டேன், வெயில் முதுகுக்குப் பின்னால போற மாதிரி. புல்தரையில எந்த இடமும் எந்த இடம் மாதிரியும்தான் இருக்கும். அவங்க போய் வட்டத்துக்குள்ள நின்னு, கம்பை நட்டுட்டு, தூரத்துல இருந்து கையைத் தூக்கி 'சரியா'ன்னு கேட்டாங்க. நான் கையைத் தூக்கி 'சரி'ன்னேன்.

எவ்வளவு நகர்த்தினேன்னா. அறுபது தப்படி.

டைப் பண்றவர் நிறுத்திட்டார். பரவாயில்ல, மெதுவாப் பண்ணட்டும்.

ஓட்டறவருக்குப் பின்னால ஒருத்தர் நின்னு அடுத்தது என்ன, எப்ப இழுக்கணும்னு சொல்லிட்டே இருக்கணும். ஓட்டறவர் கண்ணு விமானத்துலயே இருக்கும், உயரத்தை இவர்தான் பாத்துச் சொல்லணும். அந்த வேலை ஆறு வருஷம் என்னுது, நாலு மாசம் டீச்சரம்மாவோடது. அன்னிக்கு அவங்க வட்டத்துல நிக்கறதால திரும்ப எனக்கு வந்தது. மாப்ள முதுகுக்குப் பின்னால நின்னேன். அவரோட சட்டைக் காலர், கழுத்துல வேர்வை, அந்த இன்ஜின் சத்தம். நாலு மாசம் கழிச்சு வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. 'மச்சான், நீங்க பின்னால நின்னா எனக்குப் பயமே இல்ல'ன்னார். அதை மட்டும் கொஞ்சம் சேர்த்து எழுதிக்குங்க, அவர் சொன்னது.

விமானம் மேல போச்சு, ஒரு கரணம் அடிச்சது, மூக்கைக் கீழ போட்டது. கொடிக்கம்பத்தோட உச்சிக்கு நேரா வரும்போது நான் 'இழுங்க'ன்னு சொல்லணும். சொன்னேன். சொல்லாம இருப்பேனா. என்ன, ஒரு மூச்சு விட்டுட்டுச் சொன்னேன். மாப்ள உடனே இழுத்தார். அந்த மாதிரி கை யாருக்கும் வராது சார், அந்த வேகத்துலயும் விமானத்தைத் தரையில மோத விடாம நிமிர்த்திட்டார். ஆள் உயரத்துக்கு வந்து நிமிர்ந்து, இடது பக்கமாப் படுத்த வாக்குல போச்சு. கோட்டை விட்டு ஒரு சாண் கூட விலகல. டீச்சரம்மா குனிஞ்சு நோட்டுல ஏதோ எழுதிட்டு இருந்தவங்க, நிமிர்ந்தாங்க.

உடனே உயிர் போயிடுச்சு, வலி தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். அது எனக்கு ஆறுதலா இருந்தது. ஓடிப் போய் முதல்ல துணி போத்தினதும் நான்தான்.

இல்ல சார், ஆரம்பத்துல என் எண்ணம் விமானம் உடையணும்ங்கறதுதான். பதினேழுக்கு எட்டுனாலதான் உடைஞ்சதுன்னு நாலு பேர் பேசினா போதும், நோட்டை மூடி வச்சுட்டு எல்லாரும் பழையபடி வரிசையில வருவாங்கன்னு பாத்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, டீச்சரம்மா அதுக்கெல்லாம் அசர்றவங்க இல்ல. உடைஞ்சதை எடுத்து வச்சு அளந்து, பதினாறுக்குப் பத்துன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சு நோட்டுல எழுதிடுவாங்க. அவ்வளவு கெட்டிக்காரங்க. அதனாலதான் வட்டத்தை நகர்த்த வேண்டியதாப் போச்சு. உங்க ஆளுங்க அளக்கல பாருங்க. பையில போட்டு சீல் வச்சுட்டாங்க.

மாப்ள இப்ப பஸ் ஓட்டறதில்ல. லீவு போட்டிருக்கார். கை நடுங்குது. 'என் கைதான் மச்சான் கொன்னது, என் கைதான்'னு சொல்லிக்கிட்டே இருக்கார். உங்ககிட்டயும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். தங்கச்சி அழறா. 'அண்ணா, உன்கிட்ட வந்தாத்தான் அவர் ஒரு வாய் சாப்பிடறார், நீதான் பாத்துக்கணும்'னு சொல்றா. பாத்துக்கறேன். முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான், இப்ப தினமும் வர்றார். ரெண்டு ஆளுக்கு உலை வைக்கறேன். சாப்பிட்டுட்டு ஸ்டாண்டை நடுவுல வச்சுக்கிட்டு உக்காருவோம், அவர் ப்ராப் நிக்கறதையே பாத்துட்டு இருப்பார். நேத்து நுனிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். கை நடுக்கத்துல கோடு கோணலாத்தான் வந்தது, ஆனா அடிச்சார். கொஞ்ச நாள்ல தேறிடுவார். தேறினதும் பழைய ப்ராப்லயே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், கைக்குப் பழகினது.

இந்த ஸ்டாண்ட்ல இருக்கறது எந்த ப்ராப்புன்னு கேட்டீங்கல்ல. இதுதான் பதினேழுக்கு எட்டு. அன்னிக்குக் கட்ட வேண்டியது. பையிலயே இருந்தது. தேர்ந்தெடுத்தது டீச்சரம்மா, சமப்படுத்தினது நான். இன்னும் நிக்குது பாருங்க, இவ்வளவு நேரம் பேசியும் ஒரு மயிரிழை நகரல. அந்தப் பதினாறுக்குப் பத்தும் இதே மாதிரி நின்னதுதான். உங்க சீலை உடைச்சு மிச்சம் இருக்கற இறக்கையை அளந்து பாருங்க, நான் சொல்றது உண்மைன்னு தெரியும். ஆமா, நான்தான் கட்டினேன். தெரிஞ்சுதான் கட்டினேன், தெரிஞ்சுதான் வட்டம் போட்டேன். நான் எதையும் மறைக்க வரல. மறைக்கணும்னா அதிர்வுன்னு நீங்க எழுதினதை அப்படியே விட்டிருப்பேனே, எனக்கு அது எவ்வளவு வசதி. ஆனா பொய் எழுதி வச்சா நாளைக்கு எவனாவது படிச்சுட்டு, ப்ராப் மச்சான் வேலை அவ்வளவுதான்னு சொல்லுவான்.

அந்த ஸ்டூல் வந்துடுச்சா. சீக்கிரம் முடிச்சா நல்லது, மாப்ள வீட்டுக்கு வர்ற நேரம். கதவு பூட்டியிருந்தா வாசல்லயே நின்னுட்டு இருப்பார், உக்காரக் கூட மாட்டார்.

ஆக, ரெண்டாவது காரணத்தை எடுத்துடுங்க. அந்த இடத்துல, ப்ராப் சரியாச் சமப்படுத்தி இருந்ததுன்னு ஒரு வரி போட்டா சந்தோஷம். முதல் காரணத்தைத் தொட வேண்டாம் சார், அது அப்படியே இருக்கட்டும். மாப்ள தாங்கிக்குவார். நான்தான் பக்கத்துலயே இருக்கேனே.